செடி அடர்ந்த தண்ணீரில் பாஸ் மீன் பிடிக்க என்ன ராடு, என்ன ரீல்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. வார இறுதியில் கிஸ்ஸிமியில் இருக்கும் டோஹோ ஏரிக்குப் போகிறீர்கள். பாதி நாள் கரையிலிருந்து, பாதி நாள் நண்பரின் படகில். கையில் இருப்பது ஆறரை அடி மீடியம் ஸ்பின்னிங் ராடு, 2500 அளவு ரீல், 10 பவுண்டு தாங்கும் மோனோ (ஒற்றை இழை நைலான்) நரம்பு. மீன் கொத்துகிறது, உடனே செடிக்குள் புகுந்து சுற்றிக்கொள்கிறது. ஒன்று நரம்பு அறுகிறது, இல்லை முள்ளில் ஒரு கை பாசி மட்டும் வருகிறது. 250 டாலருக்குள் புதிய ராடும் ரீலும் எது வாங்கலாம்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 7 அடி 3 அல்லது 4 அங்குலம் நீளத்தில், ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன் காஸ்டிங் ராடு ஒன்று. 7:1 சுற்று விகிதத்தில், ராடின் மேல்பக்கம் உட்காரும் பெய்ட்காஸ்டர் ரீல் ஒன்று. அதில் 65 பவுண்டு பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு. உங்கள் பணத்துக்குள் அடங்கும். அவசரத்தில் இருந்தால் இதோடு கடைக்குப் போய்விடலாம். எதற்காக இப்படி என்று தெரிந்துகொண்டால், கடைக்காரர் வேறொன்றைத் தள்ளிவிடப் பார்க்கும்போது உதவும்.

65 பவுண்டா என்று மலைப்பாக இருக்கும். நாம் பிடிக்கும் லார்ஜ்மவுத் பாஸில் ஃப்ளோரிடா மாநிலச் சாதனை மீனே, 1986இல் போல்க் கவுண்டியில் பிடிபட்டது, 17 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல்தான். உலகச் சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ். 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது, 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனபு குரிடா அதைச் சமன் செய்தார். நீங்களும் நானும் பிடிப்பதெல்லாம் இரண்டு, மூன்று பவுண்டு, நல்ல நாளில் ஆறு. அதற்கு எதற்கு இவ்வளவு முரட்டு நரம்பு?

மீனுக்காக இல்லை, செடிக்காக. லார்ஜ்மவுத் பாஸ் முள் பட்டதும் தூரமாக ஓடும் மீன் இல்லை. தலையைக் கீழே திருப்பி, தான் ஒளிந்திருந்த இடத்துக்கே திரும்பப் பார்க்கும். கோரைத் தண்டு இரண்டைச் சுற்றினாலே போதும், அப்புறம் உங்கள் நரம்பு இழுப்பது மீனை அல்ல, வேரோடு நிற்கும் கோரையை. ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடிக்குள் போனால் மூன்று பவுண்டு மீனோடு பத்துப் பவுண்டு ஈரப்பாசியும் சேர்ந்து வரும். ஆக, அடர்ந்த செடியில் மீனோடு போராட்டம் என்று ஒன்று கிடையாது. முள் ஏற ராடைச் சுண்டிய முதல் இரண்டு நொடியில் அதன் தலை மேலே திரும்பியதா இல்லையா, அவ்வளவுதான். ராடு, ரீல், நரம்பு மூன்றையும் அந்த இரண்டு நொடியை மனதில் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்போது உங்கள் கையில் இருப்பது அந்த இரண்டு நொடியில் என்ன செய்கிறது என்று பாருங்கள். மோனோ நரம்பு நன்றாக இழுபடும், அறுகிற கட்டத்துக்கு வரும்போது கால்வாசி நீளம்கூட நீண்டுவிடும். மீடியம் ராடு நடுவரை வளையும். நீங்கள் சுண்டிய வேகத்தில் பெரும்பகுதியை இவை இரண்டுமே விழுங்கிவிடுகின்றன. முள் தாடையில் முழுதாக ஏறுவதற்குள் மீன் திரும்பிவிட்டது.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற கைத்தராசு இருக்குமே, அதை கராஜில் அசையாத எதிலாவது மாட்டி, கொக்கியில் நரம்பைக் கட்டிவிட்டுப் பத்துப் பதினைந்து அடி தள்ளி நில்லுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், டிராகை (பாரம் மிஞ்சினால் நரம்பை நழுவவிடும் ரீலின் பிடிமானம்) இறுக்கிக்கொள்ளுங்கள், மெதுவாக ராடைத் தூக்கி இழுங்கள். மீடியம் ராடு வில்லாக வளையும், மணிக்கட்டு வலிக்கும், தராசு இரண்டு மூன்று பவுண்டிலேயே நிற்கும். நண்பரின் ஹெவி ராடைக் கடன் வாங்கி இதையே செய்யுங்கள். ஐந்து, ஆறு வரை போகும். அதற்கு மேல் போக உங்கள் கைதான் விடாது. இப்போது ராடைக் கொஞ்சம் தாழ்த்தி, நுனி தராசின் பக்கம் பார்க்கும்படி வையுங்கள். எண் மளமளவென்று ஏறும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரியும். முதலாவது, நாம் மீன் மேல் போடும் பலம் நாம் நினைப்பதில் பாதிகூட இல்லை. இரண்டாவது, ராடு நீளமாக ஆக நெம்புகோலின் நீண்ட பக்கம் மீனிடம் போய்விடுகிறது. நீளமான ராடு என்றால் வலுவான ராடு என்று பலரும் நினைக்கிறார்கள், அது சரியில்லை. நீளம் வேறு ஒரு வேலைக்கு: சுண்டும்போது தளர்ந்து கிடக்கும் நரம்பை ஒரே வீச்சில் அள்ளி எடுக்க. அதற்கு ஏழடிக்கு மேல் வேண்டும். எட்டடிக்குப் போனால் அள்ளுவது கூடும், கை சீக்கிரம் ஓயும். கரையில் மரக்கிளைக்கு அடியில் நின்று எட்டடி ராடை வீசுவதும் நடக்கிற காரியம் இல்லை. பாதி நாள் கரையில் நிற்கிற உங்களுக்கு 7 அடி 3 அங்குலம் என்று நான் சொன்னது அதனால்தான்.

நீளத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதையும் உண்டு. கலிஃபோர்னியாவில் டூலி என்று ஒரு கோரை. அந்தக் கோரைக் காட்டுக்குள் 12 அடிக் கம்பால் இரையை நேரே இறக்கிப் பிடிப்பது அங்கத்திய வழக்கம். டீ தாமஸ் என்பவர் அந்த உத்தியைத் தேசியப் போட்டிக்குக் கொண்டுவந்து, 1975இல் ஆர்கன்சாவின் புல் ஷோல்ஸ் ஏரியில் ஜெயித்தார். மற்ற போட்டியாளர்கள் அது நியாயமில்லை என்று முறையிட, ராடு எட்டடிக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி வந்தது. அப்புறம் ஃபென்விக் நிறுவனம் ஏழரை அடியில் ஒரு ராடு செய்தது. ஃப்ளிப்பிங் என்று இன்று கடையில் விற்கிற ராடுகள் எல்லாம் அந்த வம்சம்தான். நம் ஊரில் மூங்கில் கம்போடு அல்லிக் குளத்து ஓரம் உட்கார்ந்தவர்களுக்கு இதில் புதுசாக ஒன்றும் இல்லை.

சரி, செடி என்று பொதுவாகச் சொன்னேன். மூன்று விதமான இடம் இருக்கிறது, மூன்றுக்கும் சாமான் வேறு.

முதல் வகை, செடியின் மேலே ஓட்டுவது. அல்லி இலை, தண்ணீர்மட்டத்தில் படர்ந்த பாசி, அதன்மேல் உள்ளீடற்ற ரப்பர் தவளையைத் தத்தித் தத்தி இழுத்து வருவது. தவளையின் இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேலே பார்த்தபடி இருக்கும், அதனால் செடியில் மாட்டாது. மீன் கவ்வி உடலை அமுக்கினால்தான் முள் வெளியே வரும். அந்த முள் தடிமனானது, அதைத் தாடையில் ஏற்ற முரட்டு ராடும் இழுபடாத நரம்பும் வேண்டும். ஆனால் ராடு முழுக்க உலக்கையாக இருந்தால் தவளையை இடவலமாக ஆட்ட முடியாது, நுனி ஒரு ஜாண் அளவாவது இளக்கம் வேண்டும். ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன் என்பது இதைத்தான். பவர் என்பது ராடு எவ்வளவு பாரத்துக்கு வளைந்து கொடுக்கிறது என்பது. ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் மேல்பகுதி மட்டும் வளையும், கீழே முதுகெலும்பு விறைப்பாக நிற்கும்.

தவளையில் எல்லாரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. மீன் தண்ணீரைப் பிளந்து வந்து கவ்வும் சத்தத்துக்கே கை தானாகச் சுண்டிவிடும், தவளை காற்றில் பறந்து வரும். சத்தம் கேட்டதும் ராடு நுனியைத் தவளைப் பக்கம் தாழ்த்தி, ஒரு சுற்று சுற்றி, நரம்பில் பாரம் தெரிந்த பிறகு முழுப் பலத்தோடு சுண்டுங்கள். அந்த ஒரு சுற்றுக்கு நேரம் இருக்கிறது.

இரண்டாவது வகை, செடியைத் துளைத்து உள்ளே இறக்குவது. இதை பஞ்சிங் என்பார்கள். ஃப்ளோரிடாவில் இது கலையாகவே வளர்ந்திருக்கிறது, காரணம் ஹைட்ரில்லா. பள்ளிக்கூடத்தில் புனலுக்கு அடியில் வைத்து ஆக்சிஜன் குமிழி காட்டினார்களே, அதே செடி. 1950களில் மீன்தொட்டி வியாபாரிகள் வழியாக இலங்கையிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு வந்தது, பின்னால் அங்கே ஏரி ஏரியாகப் பரவி, அதை அடக்க மாநில அரசு இன்றும் செலவழித்துக்கொண்டிருக்கிறது. கோடை முடியும் சமயத்தில் அது தண்ணீர்மட்டத்தைத் தொட்டு, பாய் விரித்தாற்போல் மூடிவிடும். மேலே பார்த்தால் கால்வைத்து நடக்கலாம் போலிருக்கும், அடியில் தண்டுகளுக்கு இடையே இடம் இருக்கும். நிழல், குளுமை, சின்ன மீன் எல்லாம் உண்டு. பெரிய பாஸ் நண்பகலில் அங்கேதான் இருக்கும். வெங்காயத்தாமரை காற்றில் ஒதுங்கிக் குவிந்த இடமும் இப்படித்தான்.

அதைத் துளைக்க ஒரு அவுன்ஸிலிருந்து இரண்டு அவுன்ஸ் வரை எடை வேண்டும், அதாவது 28 முதல் 57 கிராம். ஈயத்தைவிட டங்ஸ்டன் நல்லது. அடர்த்தி அதிகம் என்பதால் அதே எடைக்குக் குண்டு சின்னதாக இருக்கும், நழுவி உள்ளே போகும். விலைதான் கசக்கும். குண்டு நரம்பில் மேலே ஓடாமல் ரப்பர் தடுப்பான் போட்டு முள்ளோடு ஒட்டி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் குண்டு மட்டும் கீழே போய், முள்ளில் கோத்த ரப்பர் புழு பாசி மேலேயே உட்கார்ந்திருக்கும். இதற்கென்றே வாங்குவதானால் ஏழரையிலிருந்து எட்டடி, எக்ஸ்ட்ரா ஹெவி ராடு. உங்களுக்கு இது இப்போது வேண்டாம். படகு இல்லாமல் பஞ்சிங் செய்வது சிரமம். நான் சொன்ன ஹெவி ராடில் ஒரு அவுன்ஸ், ஒன்றேகால் அவுன்ஸ் வரை தாங்கும், பாசி மெல்லியதாக இருக்கும் இடத்தில் அதுவே போதும்.

மூன்றாவது, மரம். சைப்ரஸ் வேர்முண்டுகள், விழுந்த மரம், படகுத்துறைத் தூண். இங்கே பிரெய்டுக்கு ஒரு குறை உண்டு: பாரத்தோடு மரத்தில் உரசினால் அறுத்துக்கொண்டு உள்ளே பதிந்துவிடும், அப்புறம் நரம்பு முன்னும் போகாது பின்னும் வராது. அதனால் மரத்துக்கு 20 பவுண்டு ஃப்ளோரோகார்பன் (தண்ணீரில் எளிதில் தெரியாத நரம்பு) போடுகிறவர்கள் அதிகம். தண்ணீர் தெளிவாக இருந்தாலும் அதுதான். பச்சைச் செடியைப் பிரெய்டு அறுத்துக்கொண்டு வெளியே வரும், அங்கே அது வரம். உங்கள் ஏரியில் மரத்தைவிடச் செடிதான் அதிகம், ஆகவே பிரெய்டோடு தொடங்குங்கள்.

நரம்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். 65 பவுண்டு பிரெய்டின் தடிமன் ஏறக்குறைய 16 பவுண்டு மோனோ அளவுதான், 50 பவுண்டு என்றால் 12 பவுண்டு மோனோ அளவு. ஆக நீங்கள் பயப்படும் அளவுக்கு அது கயிறு இல்லை. 30 பவுண்டு பிரெய்டே மூன்று பவுண்டு மீனுக்குத் தாராளம் என்று கணக்குப் போடத் தோன்றும். மெல்லிய பிரெய்டு பெய்ட்காஸ்டரில் வேறொரு தொல்லை தரும். முழுப் பலத்தோடு சுண்டியதும் அது, நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலில், அடிச்சுற்றுகளுக்கு இடையே போய்ப் புதைந்துகொள்ளும். அடுத்த வீச்சில் அந்த இடம் வந்ததும் ஸ்பூல் சட்டென்று நின்று, தவளை தனியாகப் பறந்துபோகும். கனமான பிரெய்டில் இது குறைவு. தவளை மட்டும்தான் என்றால் 50 போதும், தூரமும் கொஞ்சம் கூடும். தவளையும் பஞ்சிங்கும் செய்வதானால் 65.

புது ஸ்பூலில் பிரெய்டை நேராகக் கட்டாதீர்கள். அது ஸ்பூலைப் பிடிக்காது, மொத்தமாக உருளும். நீங்கள் டிராக் வழுக்குகிறது என்று ரீலைச் சந்தேகப்படுவீர்கள். அடியில் கொஞ்சம் மோனோ சுற்றி, அதில் முடிச்சுப் போட்டு மேலே பிரெய்டை இறுக்கமாகச் சுற்றுங்கள். பழைய மோனோவே போதும். அப்புறம் எங்காவது மாட்டிக்கொண்டால் பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள், விரல் சதையை அறுத்துவிடும். ஒரு மரத்துண்டில் நாலு சுற்றுச் சுற்றி, ராடை நரம்புக்கு நேராக நீட்டி, பின்னால் நடங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், விடுபட்ட குண்டு துப்பாக்கிக் குண்டு மாதிரிதான் வரும்.

இனி ரீல். கடையில் முதலில் காட்டுவது சுற்று விகிதம். 7:1 என்றால் கைப்பிடி ஒரு முறை சுற்றினால் ஸ்பூல் ஏழு முறை சுற்றும், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 30 அங்குலம் நரம்பு உள்ளே வரும். 8:1 என்றால் 33, 34 அங்குலம். 6:1 என்றால் 26 வாக்கில். வேகம் கூடினால் பலம் குறையும், சைக்கிள் கியர் கதைதான். தளர்ந்த நரம்பை அள்ள வேகம் வேண்டும், பாசியோடு வரும் மீனை இழுக்கப் பலம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 7:1 சரியாக உட்காருகிறது. இப்போது 8:1க்கு மேலும் வருகிறது, போட்டிக்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள். அவர்கள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை போட்டு எடுக்கிறவர்கள், நேரம் மிச்சமாவது அவர்களுக்குப் பெரிது. உங்களுக்கு அது தேவையில்லை.

விகிதத்தைவிட நான் பார்ப்பது சட்டம். பக்கத் தகடு கழற்றினால் தெரியும் உள்சட்டம் அலுமினியமா, பிளாஸ்டிக் கலவையா? கலவைச் சட்டம் லேசாக இருக்கும், திறந்த தண்ணீரில் ஒரு குறையும் சொல்ல முடியாது. டிராகை முழுக்க இறுக்கிவிட்டுப் பத்துப் பவுண்டு பாசியைச் சுற்றும்போது அது இம்மியளவு முறுகும், பற்சக்கரங்கள் ஒன்றை ஒன்று சரியாகக் கவ்வாமல் நறநறக்கும். அடர்ந்த செடி வேலைக்கு அலுமினியச் சட்டத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். கைப்பிடி நீளமும் கவனியுங்கள். 95, 100 மில்லிமீட்டர் இருந்தால் சுற்ற வலு கிடைக்கும், குட்டைக் கைப்பிடியில் விரல்தான் நோகும்.

டிராக் எத்தனை பவுண்டு என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். தராசில் பார்த்தீர்களே, ராடைத் தூக்கியபடி ஆறு பவுண்டு இழுப்பதே பெரும்பாடு. சுண்டும் நொடியில் மட்டும் அதைவிட அதிகம் ஏறும். 10 பவுண்டு டிராகை ஒழுங்காகப் பிடிக்கும் ரீல் எதுவும் ஒரு பாஸுக்குத் தோற்காது.

பிறகு, எந்தக் கை? புதிதாகப் பெய்ட்காஸ்டர் பழகுகிறவர், வலக்கைக்காரர் என்றால், இடக்கையால் சுற்றும் ரீலை வாங்குங்கள். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வலக்கையால் வீசி, இரை விழுந்த பிறகு ராடை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் சுற்றத் தொடங்குவதுதான் பழைய பாணி. செடிக்குள் பாதிக் கடி இரை விழுந்த வேகத்திலேயே வரும். அந்தக் கைமாற்றும் நேரத்தில் மீன் கவ்விவிட்டுத் துப்பியும் இருக்கும். ஸ்பின்னிங்கில் இடக்கையால் சுற்றித்தானே பழகியிருக்கிறீர்கள், அப்படியே தொடரலாம்.

பெய்ட்காஸ்டரில் நரம்பு சிக்கிப் பந்தாவதைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். இரை வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் அதே வேகத்தில் சுற்றினால் அது நடக்கும். பிரேக்கை முதலில் அதிகமாக வைத்து, இரை தண்ணீரைத் தொடும் நேரத்தில் கட்டைவிரலால் ஸ்பூலை நிறுத்தப் பழகினால் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். கனமான தவளையில் பழகுவது சுலபம். காற்றுக்கு எதிராக வீசிப் பழகாதீர்கள்.

கையிலிருக்கும் ஸ்பின்னிங்கிலேயே கனமான பிரெய்டு போட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். உங்கள் 2500 ரீல் வேகத்தில் சளைத்ததில்லை, ஒரு சுற்றுக்கு இந்தப் பெய்ட்காஸ்டர் அளவுக்கே நரம்பை அள்ளும். குறை வலுவில். ஸ்பின்னிங்கில் நரம்பு உருளையில் செங்கோணமாகத் திரும்பி ஸ்பூலுக்குப் போகிறது. பாரம் ஏறும்போது அந்தத் திருப்பத்தில் பலம் போகும், கைப்பிடி கனக்கும். பெய்ட்காஸ்டரில் நரம்பு நேராக ஸ்பூலுக்கு வருகிறது. ஊரில் விரால் பிடிக்கிற பலர் 4000 அளவு ஸ்பின்னிங்கில் 40 பவுண்டு பிரெய்டு போட்டுத் தவளை ஓட்டி ஜமாய்க்கிறார்கள், முடியாத காரியமில்லை. ஆனால் அதற்கும் நீங்கள் வேறு ராடு, வேறு ரீல் வாங்கத்தான் வேண்டும். வாங்குவதே வாங்குகிறீர்கள், சரியானதை வாங்கிவிடுங்கள்.

பணக்கணக்கு. ரீலுக்கு 110லிருந்து 130 டாலர், ராடுக்கு 90, 100 டாலர், நரம்புக்கு 20. இந்த ரீல் விலையில் ஷிமானோ எஸ்எல்எக்ஸ், லூஸ் நிறுவனத்தின் ஸ்பீட் ஸ்பூல் வரிசை, தள்ளுபடி சமயத்தில் டைவா டட்டூலா எல்லாம் கிடைக்கும். எதை எடுத்தாலும் சட்டம் அலுமினியமா, விகிதம் ஏழுக்குப் பக்கமா என்று பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரே பெயரில் மூன்று விகிதம் விற்பார்கள். எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்றால் ராடில். அடர்ந்த செடி வேலைக்கு நுண்ணுணர்வு அவ்வளவு தேவையில்லை. ஆழத்தில் சின்னப் புழுவை ஊர்ந்து வரச் செய்கிறவருக்குத்தான் 300 டாலர் ராடின் அருமை தெரியும். தவளைக் கடியைக் கண் பார்க்கிறது, காது கேட்கிறது.

ராடைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் நீளம், பவர், நரம்பு, இரை எடை எல்லாம் அச்சிட்டிருப்பார்கள். ஹெவி என்ற சொல்லை அப்படியே நம்பாதீர்கள், ஒரு கம்பெனியின் ஹெவி இன்னொன்றின் மீடியம் ஹெவியாக இருக்கும். இரை எடையைப் படியுங்கள்: மேல் எல்லை ஒரு அவுன்ஸிலேயே நின்றால் இளசு, ஒன்றேகால் அல்லது ஒன்றரை அவுன்ஸ் என்றிருந்தால் நமக்கானது. அப்புறம் பஞ்சைக் கொஞ்சம் எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றித் துடைத்துப் பாருங்கள். இழை மாட்டினால் அங்கே கீறல் இருக்கிறது, பிரெய்டு அதில் நாளடைவில் நைந்துவிடும். ரீலையும் பொருத்திப் பிடித்துப் பாருங்கள். நுனி தரையை நோக்கி இழுத்தால் மதியத்துக்குள் மணிக்கட்டு சொல்லிவிடும். பின்பிடி முழங்கையைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டிருந்தால் நல்லது, சுண்டும்போது விலாவில் ஊன்றிக்கொள்ளலாம்.

ஏரியில் டிராகை எவ்வளவு இறுக்குவது? பிரெய்டு, ஹெவி ராடு, செடி என்றால் கிட்டத்தட்ட முழுக்க. கையால் பலங்கொண்ட மட்டும் இழுத்தால் சற்றே நழுவ வேண்டும், அவ்வளவு. சுண்டியதும் ராடைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து நிற்காதீர்கள். கடிகாரத்தில் பத்து மணிக்கு முள் நிற்கும் சாய்வில் வைத்துக்கொண்டு, ரீலால் இழுங்கள். மீன் தலை தண்ணீருக்கு மேலே வந்துவிட்டால் இலைகள்மேல் வழுக்கிக்கொண்டே வந்துவிடும். நடுவில் பாசிக்குள் புதைந்து நின்றுவிட்டால் ஆட்டி அசைக்க வேண்டாம், நரம்பை விறைப்பாகவே வைத்துக்கொண்டு படகை அதன் பக்கம் கொண்டுபோய்க் கையால் பாசியை விலக்கி எடுங்கள். கரையில் நிற்கும்போது இது ஆகாது, தண்ணீருக்குள் இறங்காதீர்கள். முதலை இருக்கும் ஊர். தவளையைப் பார்த்து முதலை திரும்பினால் சுற்றி எடுத்துக்கொண்டு வேறு இடம் போங்கள். அது கவ்விவிட்டால் 65 பவுண்டு நரம்பை அறுக்கும் பாடு உங்களுக்குத்தான்.

எடுத்துப்போவதற்கு ஃப்ளோரிடா விதி: ஒரு நாளைக்கு ஐந்து பாஸ், அவற்றில் 16 அங்குலமோ அதற்கு மேலோ ஒன்றுதான். தெற்கே ஃபோர்ட் லாடர்டேல் பக்கத்துக் கால்வாய்களுக்குப் போனால் இதே தவளைக்கு விராலும் வரலாம். அங்கே 2000இலிருந்து ஓர் ஆசிய விரால் இனம் குடியேறியிருக்கிறது. அதை உயிரோடு வைத்திருக்கச் சட்டம் விடாது, குழம்புக்குத் தடையில்லை.

பழைய ஸ்பின்னிங் ராடை விற்றுவிடாதீர்கள். செடியின் வெளி ஓரத்தில், காற்றடிக்கும் நாளில், எடை இல்லாத ரப்பர் புழுவை மெதுவாக இறங்கவிட அதைவிட நல்ல சாமான் கிடையாது. 10 பவுண்டு மோனோவைக் கழற்றிவிட்டு 15 பவுண்டு பிரெய்டும், நுனியில் ஆறேழு அடி ஃப்ளோரோகார்பனும் போட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய மோனோவைப் புது ரீலின் அடியில் சுற்றிவிடலாம்.